படிவத்துக்கு ஏற்ற பிள்ளையா, பிள்ளைக்கு ஏற்ற படிவமா?

(நூற்றாண்டு விழாவையொட்டிய பொதுக்கூட்டத்தில் புலமைப்பரிசில் உபகுழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நிறுவனங்கள் தமது வேலைமுறைகளை மனிதருக்கு ஏற்றபடி எப்படிப் புதிதாக அமைத்துக்கொள்கின்றன என்பது பற்றிப் பேசும்படி எமது உபகுழுவிடம் கேட்டிருந்தீர்கள். எங்களில் ஒருவர் வங்கியில் முப்பது வருடம் வேலை செய்தவர். ஒருவர் அரசாங்க வைத்தியசாலையில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருவர் ஆடைத் தொழிற்சாலையொன்றின் ஆளணிப் பகுதியில் இருப்பவர். மற்றவர் ஆசிரியை. ஆகவே இந்த விடயம் எங்களுக்குத் தெரியும் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். எங்களுக்குத் தெரியாது என்பதைச் சில வருடங்களுக்கு முன்னர் ஒரு தாயார் எங்களுக்குக் காட்டித் தந்தார். அதிலிருந்தே தொடங்குகிறோம். இதைச் சபையில் சொல்வதற்கு அவரிடமும் அவருடைய மகளிடமும் அனுமதி கேட்டோம். பெயரையும் ஊரையும் சொல்லமாட்டோம் என்ற வாக்குறுதியுடன் சொல்கிறோம்.

அந்த வருடம் உயர்தர மாணவியருக்கான எமது உதவித்தொகைக்கு இடங்கள் இருந்தன. கிளைச் சங்கங்கள் அனுப்பிய பணம் வங்கியில் இருந்தது. ஆனால் இடங்களை நிரப்பப் போதிய விண்ணப்பங்கள் வரவில்லை. கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசியபோது, "இப்ப பிள்ளையளுக்கு வசதி வந்திட்டுது போல" என்று ஒருவர் சொன்னார். மற்றவர்கள் தலையாட்டினோம். கூட்டக் குறிப்பிலும் அப்படியே எழுதினோம். மிச்சப் பணத்தை நிலையான வைப்பில் போடுவதென்று தீர்மானம் நிறைவேறியது.

அன்று கூட்டம் முடிந்து படலையடியில் நிற்கும்போது ஒரு வகுப்பாசிரியை எங்களில் ஒருவரைக் கூப்பிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார். "அக்கா, விஞ்ஞானப் பிரிவில ஒரு பிள்ளை படிவம் வாங்கிக்கொண்டு போச்சுது. திருப்பித் தரேல்ல. கிழமையில ரண்டு நாள் பள்ளிக்கூடத்துக்கு வாறதுமில்ல. பஸ்ஸுக்குக் காசில்லாமல் நிக்குது எண்டு நினைக்கிறன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர் பஸ் ஏறிப் போனோம். தாயார் கதிரை எடுத்துப் போட்டு, தேத்தண்ணீர் தந்து, தகரப் பெட்டிக்குள் இருந்து எங்கள் படிவத்தை எடுத்து வந்தார். நான்கு பக்கப் படிவம். கசங்காமல், அழகான கையெழுத்தில் நிரப்பப்பட்டிருந்தது. ஒரேயொரு வரி மட்டும் வெறுமையாக இருந்தது. "தந்தையின் தொழில், மாத வருமானம். தந்தை உயிருடன் இல்லையெனில் மரணச் சான்றிதழின் இலக்கம்."

தந்தை 2009 இல் காணாமற்போனவர்.

"இருக்கிறார் எண்டு எழுதினால் அவற்ற சம்பளத்துண்டு கேட்பியள் ரீச்சர். இல்லை எண்டு எழுத என்ர கை வராது. நான் எழுதினால் அண்டைக்குத்தான் அவர் இல்லாமல் போனதாகும்" என்றார் அந்தத் தாய். கோபமில்லாமல் சொன்னார். எங்களைக் குற்றஞ்சொல்லவுமில்லை. பிறகு எங்களுக்காக இரங்குவதுபோல, "உங்களுக்கும் சட்டதிட்டம் இருக்குத்தானே" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் நாங்கள் இருவரும் ஒன்றும் பேசவில்லை.

அந்தப் படிவத்தை ஆக்கியவர்கள் கெட்டவர்கள் அல்லர். எமக்கு முன்னிருந்த மூத்த சகோதரிகள், ரோனியோ இயந்திரத்தில் மை பூசி, ஒவ்வொரு தாளாக உருட்டி எடுத்த காலத்துப் படிவம் அது. அந்தக் காலத்தில் ஒரு தகப்பன் இருப்பார் அல்லது இறந்திருப்பார். மூன்றாவது நிலையொன்றை அவர்கள் நினைத்துப் பார்த்திருக்க நியாயமில்லை. காலம் மாறியது, நாடு மாறியது, வீடுகளுக்குள் இருந்தவர்கள் மாறினார்கள். படிவம் மட்டும் மாறவில்லை. ஒவ்வொரு வருடமும் திகதியை மட்டும் திருத்தி நாங்கள் அதை மறுபடி அச்சடித்தோம். அந்தத் தவறு எங்களுடையது.

அரசாங்கத்தின் படிவமே இந்த இடத்தில் தடுமாறியிருக்கிறது. காணாமற்போனோரின் குடும்பங்களுக்கு நெடுங்காலமாக மரணச் சான்றிதழே வழியாகக் காட்டப்பட்டது. பல தாய்மாரும் மனைவியரும் அதை வாங்க மறுத்து நின்றார்கள். இறந்தார் என்று சொல்லாமல், காணப்படவில்லை என்று மட்டும் பதியும் சான்றிதழுக்கு 2016 ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தில்தான் இடம் வந்தது. அதையும் பெற விரும்பாத குடும்பங்கள் உண்டு. ஒரு நாட்டின் சட்டத்தையே அசைக்கவேண்டியிருந்த கேள்வியை, எங்கள் படிவம் ஒரு வரியில், ஒரு பிள்ளையின் பஸ் காசுக்காகக் கேட்டிருக்கிறது.

சகோதரிகளே, அதன் பிறகுதான் மற்றவர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று தேடிப் படிக்கத் தொடங்கினோம். முகாமைத்துவப் புத்தகங்களில் பெரிய சொற்கள் நிறைய இருக்கின்றன. எங்களுக்கு உதவியவை மூன்று கதைகள். ஒவ்வொன்றிலும் இருந்து ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டோம்.

முதலாவது மதுரையில் நடந்தது. டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி அரசாங்க வைத்திய சேவையிலிருந்து 58 வயதில் ஓய்வுபெற்று, 1976 இல் 11 கட்டில்களுடன் அரவிந்த் கண் வைத்தியசாலையைத் தொடங்கினார். இளமையில் வந்த முடக்குவாதத்தால் அவருடைய விரல்கள் கோணிப்போயிருந்தன. அந்த விரல்களாலேயே கண் சத்திரசிகிச்சை செய்யப் பழகிக்கொண்டவர். பணம் கட்டக்கூடியவர் கட்டுவார், முடியாதவருக்கு இலவசம், இருவருக்கும் சிகிச்சை செய்பவர்கள் ஒரே வைத்தியர்கள். இந்த ஏற்பாடு உலகெங்கும் பேசப்பட்டது.

எங்களைத் தொட்டது வேறொன்று. அவர்கள் கிராமங்களில் இலவச முகாம் வைத்துக் கண்புரை உள்ளவர்களைக் கண்டுபிடித்தார்கள். சத்திரசிகிச்சையும் இலவசம் என்றார்கள். அப்படியிருந்தும் வரச்சொன்னவர்களில் பெரும்பாலானோர் வரவில்லை. "இலவசமாகக் கொடுத்தாலும் சனத்துக்கு அருமை தெரியவில்லை" என்று அவர்கள் கூட்டக் குறிப்பில் எழுதிவிட்டு இருந்திருக்கலாம். அவர்கள் வராதவர்களிடம் போய் ஏன் என்று கேட்டார்கள். பஸ்ஸுக்குக் காசில்லை. கூட்டிக்கொண்டு போக ஆளில்லை. போன இடத்தில் சாப்பாட்டுக்கு என்ன செய்வது? கண்ணில் கத்தி வைப்பார்கள் என்ற பயம். வைத்தியசாலையின் கணக்கில் இலவசமாக இருந்த ஒன்று, கிராமத்துக் கிழவியின் கணக்கில் இலவசமாக இருக்கவில்லை.

ஆகவே முறையை மாற்றினார்கள். முகாமிலிருந்தே பஸ்ஸில் கூட்டமாக ஏற்றிக்கொண்டு போய், சாப்பாடும் படுக்கையும் கொடுத்து, சிகிச்சை முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். ஊர்க்காரர் பத்துப் பேர் கூடவே வரும்போது பயமும் பாதியாகக் குறைந்தது. கிராமத்துப் பெண்பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து இரண்டு வருடம் பயிற்றி, கண் பரிசோதனை, நோயாளரை ஆயத்தம் செய்தல் முதலிய வேலைகளை அவர்களிடம் ஒப்படைத்தார்கள். அதனால் வைத்தியரின் நேரம் சத்திரசிகிச்சைக்கே மிஞ்சியது. கண்ணுக்குள் வைக்கும் வில்லை அந்நாளில் விலை கூடியதாக இருந்தபடியால், 1992 இல் அவற்றைத் தாங்களே செய்யத் தொடங்கினார்கள்.

இந்தக் கதையிலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்ட கேள்வி: வராதவர்களிடம் போய்க் கேட்டோமா? நாங்கள் வந்த விண்ணப்பங்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தோம்.

இரண்டாவது கதை யப்பானிலிருந்து. சக்கிச்சி தொயோதா என்பவர் 1924 இல் ஒரு தறியை உருவாக்கினார். நூல் அறுந்தால் அந்தத் தறி தானாகவே நின்றுவிடும். அதனால் பழுதான துணி நெய்யப்படாது. அவருடைய குடும்பம் பிறகு கார் செய்யத் தொடங்கியபோது, அதே எண்ணம் மனிதரின் கைக்கு வந்தது. ரொயோட்டா தொழிற்சாலைகளில் வேலைசெய்பவரின் கைக்கெட்டிய தூரத்தில் ஒரு கயிறு தொங்கும். ஏதாவது பிழையைக் கண்டால் கயிற்றை இழுக்கவேண்டும். விளக்கு எரியும், குழுத்தலைவர் ஓடி வருவார். உடனே சரிசெய்ய முடியாவிட்டால் வேலை வரிசையே நிற்கும். மேற்பார்வையாளரின் அனுமதிக்குக் காத்திருக்கத் தேவையில்லை. இழுத்தவருக்கு ஏச்சும் இல்லை.

ஆடைத் தொழிற்சாலையில் இருக்கும் எங்கள் சகோதரி இதைப் படித்தபோது சொன்னார்: "பிழையைக் கண்டவள் வாயைத் திறந்தால் அண்டைய இலக்குத் தவறும். அதனால பேசாமல் அடுத்தவளுக்குத் தள்ளிவிடுவாள். கடைசியில பெட்டி பெட்டியாத் திரும்பி வரும்." வகுப்பாசிரியையும் அப்படித்தான். எங்கள் படிவத்தின் பிழை அவருக்குத் தெரியும். கந்தோரில் படிவம் கொடுக்கும் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. இழுப்பதற்கு அவர்களுக்குக் கயிறு இருக்கவில்லை. படலையடியில், குரலைத் தாழ்த்தி, தற்செயலாகத்தான் அந்தச் செய்தி எங்களை வந்தடைந்தது.

இதே முறை அமெரிக்காவுக்கும் போனது. கலிபோர்னியாவில் பிறிமொன்ட் என்ற இடத்தில் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலையொன்று இருந்தது. வேலைக்கு வராமை, சச்சரவு, தரக்குறைவு எல்லாவற்றுக்கும் பெயர்போனது. 1982 இல் அதை மூடினார்கள். 1984 இல் ரொயோட்டாவும் ஜெனரல் மோட்டோர்ஸும் கூட்டாகத் திறந்தபோது, வேலைக்கு எடுத்தவர்களில் பெரும்பாலானோர் பழைய தொழிலாளரே. அவர்களில் பலரைக் குழு குழுவாக யப்பானுக்கு அனுப்பிப் பழக்கினார்கள். ஆட்கள் பழையவர்கள், முறை புதியது. கொஞ்சக் காலத்திலேயே அங்கிருந்து வந்த கார்களின் தரம் யப்பானியத் தொழிற்சாலைகளுக்கு நிகராகப் பேசப்பட்டது. "எங்கட ஆக்கள் சரியில்லை" என்று சொல்லிப் பழகிய எங்களுக்கு இது நல்ல பாடம். அதேநேரம் ஜெனரல் மோட்டோர்ஸ் இதைத் தன் மற்றத் தொழிற்சாலைகளுக்குக் கொண்டுபோக நெடுங்காலம் திணறியது. கயிற்றைக் கட்டுவது சுலபம். இழுத்தவரிடம் கோபிக்காமல் இருக்கப் பழகுவதுதான் கடினம்.

ரொயோட்டாவில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஒரு பிழை நேர்ந்தால் ஐந்து முறை "ஏன்" என்று கேட்பார்கள். நாங்களும் உட்கார்ந்து கேட்டுப் பார்த்தோம்.

ஏன் அந்தப் படிவம் திரும்பி வரவில்லை? தந்தை பற்றிய வரியை நிரப்ப முடியவில்லை. ஏன் அந்த வரி இருக்கிறது? வறுமையைத் தாளால் நிரூபிக்க. ஏன் தாளால் நிரூபிக்கவேண்டும்? நாங்கள் எவரும் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதில்லை. ஏன் போவதில்லை? தீர்மானிக்கும் நாங்கள் பிள்ளைகளின் ஊர்களுக்குத் தூரத்தில் இருக்கிறோம். ஏன் தூரத்தில் இருப்பவர்களே தீர்மானிக்கிறார்கள்? இந்த ஐந்தாவது கேள்விக்கு எங்களிடம் இருந்த ஒரே பதில், "அப்படித்தானே வழக்கம்" என்பது.

மூன்றாவது கதை இந்த ஐந்தாவது கேள்விக்கு உரியது. ஒல்லாந்தர் நாடு என்று நாம் சரித்திரப் பாடத்தில் படித்த நெதர்லாந்தில், வீடுகளுக்குப் போய் நோயாளரைப் பராமரிக்கும் தாதியர் சேவை உண்டு. ஒருகாலத்தில் ஒவ்வொரு தாதியும் தன் அயலை அறிந்தவராக இருந்தார். பிறகு சேவை அமைப்புகள் ஒன்றோடொன்று இணைந்து பெரிதாகின. செலவைக் குறைப்பதற்காக வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். ஊசி போட இத்தனை நிமிடம், குளிப்பாட்ட இத்தனை நிமிடம், காயத்துக்குக் கட்டுப்போட இத்தனை நிமிடம் என்று கணக்கு வைத்தார்கள். ஒரே முதியவரின் வீட்டுக்கு வெவ்வேறு ஆட்கள் வந்து போனார்கள். அந்த முதியவர் ஒவ்வொருவருக்கும் தன் கதையை முதலிலிருந்து சொல்லவேண்டியிருந்தது.

யோஸ் டி பிளொக் என்ற தாதி இதைப் பொறுக்கமாட்டாமல், 2006 இல் பூர்ட்சோர்க் என்ற அமைப்பைத் தொடங்கினார். "அயல் பராமரிப்பு" என்பது அந்தப் பெயரின் பொருள். நான்கு தாதியரைக் கொண்ட ஒரு குழுதான் ஆரம்பம். ஒரு குழுவில் ஆகக்கூடியது 12 பேர். குழுவுக்கு மேலே முகாமையாளர் இல்லை. யாரைச் சேர்ப்பது, யார் எந்த வீட்டுக்குப் போவது, யார் எப்போது லீவு எடுப்பது எல்லாவற்றையும் குழுவே பேசித் தீர்மானிக்கும். சிக்கல் வந்தால் ஆலோசனை சொல்ல ஒரு வழிகாட்டி உண்டு, கட்டளையிட ஆளில்லை. முதல் நாள் தாதி போனால் அந்த வீட்டாருடன் இருந்து கோப்பி குடித்து, பிள்ளைகள் எங்கே, அயலில் யார் உதவுவார், இவரே தன்னால் எதைச் செய்ய முடியும் என்று விசாரிப்பார். நேரம் வீணாகிறது என்று தோன்றும். ஆனால் நோயாளர் தம்மைத் தாமே பார்த்துக்கொள்ளப் பழகியதால், மொத்தத்தில் பராமரிப்புக்குத் தேவைப்பட்ட மணித்தியாலங்கள் குறைந்தன. பின்னாளில் அந்த அமைப்பு சுமார் 10,000 பேர் வேலைசெய்யும் அளவுக்கு வளர்ந்தது. அப்போதும் தலைமைக் கந்தோரில் சில பத்துப் பேரே இருந்தார்கள்.

எங்கள் தாதிச் சகோதரி இதைக் கேட்டுவிட்டு நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "வாட்டில நோயாளியின்ர கட்டிலடியில நிண்ட நேரத்தைவிட, எழுதின நேரம் கூட" என்றார்.

இதிலிருந்து எடுத்துக்கொண்ட கேள்வி: பிள்ளையை நேரில் அறிந்தவருக்குத் தீர்மானிக்கும் உரிமை இருக்கிறதா?

இனி நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்லவேண்டும். பெரிதாக ஒன்றுமில்லை. நான்கு பக்கப் படிவத்தை ஒரு பக்கமாக்கினோம். தந்தை, தாய், வருமானம், சான்றிதழ் இலக்கம் என்ற வரிகளை எடுத்துவிட்டு, "வீட்டில் உம்மைப் பார்த்துக்கொள்பவர் யார்? பாடசாலைக்கு வருவதற்கு உமக்குத் தடையாக இருப்பது எது?" என்று இரண்டு கேள்விகளைப் போட்டோம். வகுப்பாசிரியையும் அந்த ஊருக்குக் கிட்ட இருக்கும் பழைய மாணவி ஒருவரும் சேர்ந்து வீட்டுக்குப் போய் வந்து சிபாரிசு செய்தால் அது போதும் என்றாக்கினோம். பஸ் காசு, சப்பாத்து போன்ற அவசரத் தேவைக்கு அவர்கள் இருவருமே ஒரு சிறு தொகையை அன்றைக்கே கொடுக்கலாம், கணக்கைப் பிறகு தரலாம். படிவம் வாங்கித் திருப்பித் தராத பிள்ளைகளின் பட்டியலை ஒவ்வொரு தவணையும் கேட்டு வாங்குகிறோம். எங்கள் கயிறு ஒரு தொலைபேசி இலக்கம். ஆசிரியை, பெற்றோர், மாணவி யார் கூப்பிட்டுப் பிழை சொன்னாலும், ஒரு கிழமைக்குள் பதில் சொல்வது எங்கள் கடமை.

இதற்குச் சங்கத்துக்குள்ளேயே எதிர்ப்பு வந்தது. அதை மறைக்க நாங்கள் விரும்பவில்லை, ஏனென்றால் எதிர்த்தவர்களின் பேச்சில் நியாயம் இருந்தது. எங்கள் முன்னைநாள் பொருளாளர் சொன்னார்: "பிள்ளையள், விதி எண்டது ஏழைக்கு எதிரி இல்லை. விதி இல்லாத இடத்திலதான் தெரிஞ்ச ஆக்களுக்குக் காசு போகும். சான்றிதழ் கேட்கிறது ஆரையும் அவமதிக்க இல்லை, ஆரின்ர சொந்தக்காரப் பிள்ளைக்கும் களவாய்ப் போகாமல் இருக்கத்தான்."

முதல் வருடத்திலேயே அவர் சொன்னது நடந்தது. ஓரிடத்திலிருந்து வந்த சிபாரிசுகள் எல்லாம் ஒரே குறிச்சிப் பிள்ளைகளாக இருந்தன. களவு என்று சொல்லமுடியாது. சிபாரிசு செய்தவருக்குத் தெரிந்த வீடுகள் அவை. தெரியாத வீடுகளுக்கு அவர் போகவில்லை, அவ்வளவுதான். மனித மையம் என்று நாங்கள் நினைத்தது, அறிமுகமானவர் மையமாகிவிட்டது.

அப்போதுதான் மூன்று கதைகளையும் திரும்பப் படித்தோம். முதல் வாசிப்பில் கண்ணில் படாத ஒன்று பட்டது. அரவிந்த் வைத்தியசாலையில் நோயாளி வந்துசேரும் வழிதான் நெகிழ்வானது. சத்திரசிகிச்சை அறைக்குள் ஒவ்வொரு அசைவும் வரையறுக்கப்பட்டிருக்கிறது. ரொயோட்டாவில் கயிற்றை யாரும் இழுக்கலாம். ஆனால் ஒவ்வொரு வேலையும் எப்படிச் செய்யவேண்டும் என்பது எழுதித் தொங்கவிடப்பட்டிருக்கும், அதைத் திருத்தும் வழியும் தொழிலாளிக்கு உண்டு. பூர்ட்சோர்க்கில் குழுவுக்கு மேலாளர் இல்லை. ஆனால் பன்னிரண்டு பேருக்கு மேல் போகக்கூடாது என்ற விதி இருக்கிறது.

நெகிழ்வு என்றால் விதி இல்லாமை அல்ல என்பது எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது. எதை இறுக்கமாக வைப்பது, எதைத் தளர்வாக விடுவது என்று தெரிந்து பிரிப்பதே நெகிழ்வு. பின்னல் பின்னத் தெரிந்த நமக்கு இது புதிதல்ல. அடியில் இறுக்கிப் பிடிக்காவிட்டால் பின்னல் குலையும். நுனிவரை இறுக்கினால் தலை நோகும்.

எனவே பணத்தின் பக்கத்தை இறுக்கினோம். ஒரு பிள்ளைக்குக் கொடுக்கக்கூடிய தொகைக்கு எல்லை வைத்தோம். இருவர் கையொப்பம் கட்டாயம், அவர்களில் ஒருவர் அந்தக் குறிச்சியைச் சேராதவராக இருக்கவேண்டும், உறவினராயின் ஒதுங்கிக்கொள்ளவேண்டும், காரணம் இரண்டு வரியில் எழுதப்படவேண்டும். கணக்காய்வாளர் கேட்டபோது இந்த இரண்டு வரிகளே எங்களைக் காப்பாற்றின. பிள்ளையின் பக்கத்தைத் தளர்த்தினோம். எந்தத் தாளைக் கொண்டுவருவது, எந்த நாளில் வருவது, தன் வீட்டுக் கதையில் எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பது பிள்ளையின் விருப்பம். முன்பு இதை நாங்கள் தலைகீழாக வைத்திருந்தோம். பிள்ளையிடம் இறுக்கம், எங்களிடம் தளர்வு. மூன்று மாதத்துக்கொருமுறை கூடி, கோரம் இல்லையென்றால் அடுத்த முறைக்குத் தள்ளிவைப்போம். அந்த மூன்று மாதமும் ஒரு பிள்ளை எப்படிப் பாடசாலைக்குப் போகும் என்று கேட்க எங்கள் முறையில் ஒரு வரிகூட இருக்கவில்லை.

முன்னைநாள் பொருளாளர் இப்போது எங்கள் குழுவுக்கு ஆலோசகர். புதிய விதிகளில் பாதி அவர் எழுதியவை.

அந்தப் பிள்ளைக்கு உதவி கிடைத்தது. உயர்தரப் பரீட்சையும் எழுதினார். அதற்கு மேல் சொல்வது அவருடைய கதை, எங்களுடையதல்ல.

கடல் கடந்து வாழும் எங்கள் சகோதரிகளிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் பணம் இல்லாவிட்டால் இந்த நிதியே இல்லை. குளிரில் நின்று உழைத்த காசு அது என்று எங்களுக்குத் தெரியும். அது சரியாகப் போய்ச் சேருகிறதா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு, கணக்கை ஒவ்வொரு சதமாகத் தருவோம். ஆனால் உதவி பெறும் பிள்ளையின் படம், அவருடைய வீட்டின் படம், கையெழுத்தில் ஒரு நன்றிக் கடிதம் என்ற மூன்றையும் கேட்கும் வழக்கத்தை இந்த நூற்றாண்டோடு விட்டுவிடுவோமா? நாங்களும் பல வருடம் அதைச் சேகரித்து அனுப்பியவர்கள்தான். பதினேழு வயதுப் பிள்ளை தன் வீட்டுக் கிடுகு வேலிக்கு முன்னால் நின்று படமெடுக்கும்போது எங்கே பார்க்கும் என்று நாங்கள் கவனித்ததில்லை. ஒருமுறை கவனித்தோம். அது எங்களையும் பார்க்கவில்லை, கமராவையும் பார்க்கவில்லை.

கடைசியாக ஒன்று. கடந்த வருடம் எமது நிதியில் படித்த ஒருவர் உபகுழுவில் ஐந்தாவது ஆளாகச் சேர்ந்தார். எந்த வருடத்தவர் என்று சொல்லமாட்டோம். முதல் கூட்டத்தில், நாங்கள் பெருமையோடு திருத்தியமைத்த அந்த ஒரு பக்கப் படிவத்தை அவருக்குக் காட்டினோம். அவர் ஆறுதலாக வாசித்துவிட்டு, கடைசி வரியில் விரலை வைத்தார். "தாயார் அல்லது பாதுகாவலரின் வங்கிக் கணக்கு இலக்கம்" என்று இருந்தது.

"இது ஏன் அக்கா? அம்மாவின்ர கணக்கில கடன் நிலுவை இருந்தால் காசு வந்தவுடன் வங்கி கழிச்சுப்போடும். பிள்ளைக்கு ஒண்டும் மிஞ்சாது. பிள்ளையின்ர பெயரில கணக்குத் திறக்கலாந்தானே?"

முப்பது வருடம் வங்கியில் இருந்த எங்கள் சகோதரிதான் அந்த வரியை எழுதியவர். அவர் ஒரு கணம் பேசாமல் இருந்தார். பிறகு பேனாவை எடுத்து அந்த வரியை வெட்டினார்.

நூறு வருடம் என்பது பெருமைப்பட வேண்டிய வயது. அதே வயதில் பழக்கங்களும் முதிர்ந்து இறுகிவிடுகின்றன. இன்று வீட்டுக்குப் போகும்போது, நீங்கள் பொறுப்பாக இருக்கும் பாடசாலையிலோ, கந்தோரிலோ, வைத்தியசாலையிலோ, கோயில் சபையிலோ பாவிக்கும் ஒரு படிவத்தை எடுத்துப் பாருங்கள். எந்த வரியில் ஒருவருடைய கை நின்றுபோகும் என்று தேடுங்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால், அதை வாங்கிக்கொண்டு போய்த் திருப்பித் தராதவரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியும்.